சாமத்து வான்



ஒகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் பக்கத்தில் சாமத்தில் நாய் குரைத்தால் கள்ளன் வந்துவிட்டான் என்று யாரும் எழும்பிப் பார்ப்பதில்லை. கட்டுநாயக்காவுக்குப் போகிற வான் வந்திருக்கிறது என்று புரண்டு படுத்துவிடுவார்கள். முள்ளியவளை, சிலாவத்தை, அளம்பில், செம்மலை, புதுக்குடியிருப்பு எங்கும் இதே கதைதான். ஒரு வீட்டு முற்றத்தில் மட்டும் வெளிச்சம் எரியும். பெட்டி ஏற்றுகிற சத்தம், வான் கதவு இழுபடுகிற சத்தம், கடைசியில் யாரோ ஒருவரின் விசும்பல். அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிடும். விடியும்போது இலண்டனும் ரொறன்ரோவும் ஊரை விட்டுப் போயிருக்கும்.

இந்த மாதப் பக்கம் அந்த வானைப் பற்றியது. எங்கள் வாசகர்களில் ஒரு பகுதியினர் அதற்குள் ஏறிப் போகிறவர்கள். இன்னொரு பகுதியினர் படலையடியில் நின்று கை காட்டுகிறவர்கள். இரண்டு பேரோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. விடுமுறையின் கடைசி நாளை எல்லோரும் சேர்ந்து வீணாக்கிக்கொண்டிருக்கிறோம். மூன்று கிழமை ஓடி ஓடி ஊர் பார்த்தவர்கள் கடைசிப் பகலைப் பெட்டி கட்டுவதிலும், கடைசி இரவை மணிக்கூடு பார்ப்பதிலும் கழிக்கிறார்கள். பிறகு இருட்டில் ஏறி, இருட்டிலேயே வன்னியைத் தாண்டிவிடுகிறார்கள். வந்தபோதும் இரவு வானில்தான் வந்தார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு முல்லைத்தீவு என்பது ஒரு கடலும் ஒரு வீடும் மட்டும்தான். நடுவில் இருக்கிற நிலம் முழுவதும் அவர்கள் நித்திரையில் கடந்துபோன நிலம்.

வருகிறவர்களின் கணக்கு எனக்கு ஓரளவு பாடம். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவை நடுவில் வைத்துத்தான் பயணச்சீட்டே எடுக்கிறார்கள். தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்துச் சொந்தங்களிடம் விடைபெற்று, "கடைசி மூன்று நாள் கடலோடு இருப்பம்" என்று இந்தப் பக்கம் இறங்குகிறார்கள். காலம் நல்ல காலம்தான். சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும், எங்கள் கிழக்குக் கரை தணிந்து கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடை திரும்பிவிட்டால் இதே கடலின் முகத்தைப் பார்க்க முடியாது. தொழிலுக்குப் போகிறவர்களே படகை மேலே இழுத்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கொழும்பில் காலிமுகத்திடலுக்குப் பழகியவர்கள் முல்லைத்தீவுக் கடற்கரைக்கு மாலையில் வந்து, சூரியன் கடலுக்குள் இறங்கும் என்று கமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சூரியன் கடலில் எழும்புவதோடு சரி. அது இறங்குகிற இடம் மறுபக்கம், நந்திக்கடலுக்கு மேலே. வட்டுவாகல் பக்கம் நின்றால் காலையில் பெருங்கடலிலும் மாலையில் களப்பிலுமாக இரண்டையும் பார்த்துவிடலாம். இலங்கையில் இப்படி வாய்த்த இடங்கள் அதிகமில்லை. ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வழிகாட்டிப் பலகைகூட அங்கே இல்லையென்பது என் சின்னக் குறை.

தங்குவதற்கு நட்சத்திர ஹொட்டேல்கள் இங்கே இல்லை. மூன்று நான்கு அறைகளோடு வீட்டை ஒட்டிக் கட்டிய விடுதிகள், கிடுகு வேய்ந்த குடில்கள், சொன்னால் சமைத்துத் தருகிற சாப்பாட்டுக் கடைகள் இவ்வளவுதான். போர் முடிந்து சில ஆண்டுகளிலேயே நந்திக்கடலோரம் ஒரு விடுமுறை விடுதி எழுந்தது. 'லகூன்ஸ் எட்ஜ்' என்று பெயர். கட்டியதும் நடத்தியதும் இராணுவம். அந்த நாட்களில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். புதுக்குடியிருப்பின் வெற்றித்தூபியையும், கரைதட்டிக் கிடந்த கப்பலையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். காணி விடவில்லை என்று கேப்பாப்பிலவு மக்கள் 2017 இல் தெருவோரம் கொட்டகை போட்டு நாட்கணக்கில், மாதக்கணக்கில் இருந்ததும் இதே களப்பின் ஓரத்தில்தான். விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார் என்ற கேள்விக்கு இந்தக் கரையில் இன்னும் நேரான மறுமொழி இல்லை. அதனால்தான் ஊர்க்காரர் ஒருவர் கடன்பட்டு இரண்டு அறை கட்டி, வாசலில் பெயர்ப்பலகை தொங்கவிட்டால் எனக்கு அது சின்னக் காரியமாகத் தெரிவதில்லை.

அந்தக் கப்பலின் கதையைப் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 'ஃபாரா 3' என்ற யோர்தானியச் சரக்குக் கப்பல் அது. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியோடு போன வழியில், 2006 டிசம்பரில் இயந்திரக் கோளாறினால் எங்கள் கரையில் வந்து தட்டியது. மாலுமிகள் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் போர் முழுவதையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்று துருப்பிடித்து, பிறகு இரும்புக்கு வெட்டப்பட்டது. இந்தக் கரைக்கு ஆட்கள் எப்போதும் விடுமுறைக்காகவே வந்தவர்கள் இல்லை. 2024 டிசம்பரில் குழந்தைகளும் பெண்களுமாக நூறுக்கும் மேற்பட்ட றோகிங்யா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைப்பக்கம் வந்து நின்றது. முதலில் கண்டவர்கள் எங்கள் மீனவர்கள். அகதியாக ஓடிய ஊருக்கே அகதிகள் வந்து சேர்ந்தார்கள். சாப்பாடு கொடுக்க ஓடிய சனத்துக்கு யாரும் காரணம் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

சரி, கடைசி நாளுக்கு வருவோம்.

கடைசி நாள் காலையில் எல்லோருக்கும் ஒரே ஆசை: "ஒருக்கா கடைசியாக் குளிச்சிட்டு வாறம்." இந்த வாக்கியம் எனக்குப் பயம். முல்லைத்தீவுக் கடற்கரை ஆழம் குறைந்த கரை இல்லை. சில அடி தூரத்திலேயே மணல் சரிந்துவிடும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர், திரும்பிப்போக ஒரு ஒடுங்கிய வாய்க்காலைத் தேடிக்கொள்ளும். அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் 'இங்கேதான் அலை இல்லை' என்று அதற்குள்ளேயே இறங்குகிறார்கள். இழுத்துப் போகும்போது கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் எந்த வீரனும் களைத்துவிடுவான். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். விடுமுறைக்கு வந்த இளம்பிள்ளைகளை இந்தக் கடல் எடுத்த செய்தியை இதழாசிரியனாக நான் படித்தது போதும். குளிக்கும் முன் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த இடம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளையாக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

குளிக்கப் போகிற கூட்டத்தோடு பெரும்பாலும் ஒரு மாமியோ பெரியம்மாவோ வந்திருப்பார். எல்லோருடைய செருப்பையும் துவாயையும் காவல் காத்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி இருப்பார். "நீங்களும் வாங்கோவன்" என்றால், "நீங்கள் குளியுங்கோ பிள்ளையள்" என்பார். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் காலை. முல்லைத்தீவு நகரின் கரையோரம் அன்றைக்குச் சில நிமிடங்களில் துடைத்தெடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு கடலில் கால் நனைக்காதவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தாதீர்கள். விரும்பினால் பக்கத்தில் போய் இருங்கள். கதைக்க மனம் வந்தால் அவர்களே கதைப்பார்கள்.

குளிப்பைவிடக் கடைசிக் காலையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கரைவலை இழுப்பதைப் போய்ப் பாருங்கள். படகு கடலுக்குள் அரைவட்டமாகப் போய் வலையை வளைத்துவிட்டு வரும். இரண்டு கரையிலும் கயிறு. முன்பு முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்று, அம்பாப் பாட்டுக்குக் கால் பெயர்த்து இழுப்பார்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் சம்மாட்டிமார். இயந்திரம் அடிமணலையும் குஞ்சு மீனையும் சேர்த்து வழித்துக்கொண்டு வருகிறது என்கிறார்கள் சிறுதொழில் செய்பவர்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் வெயிலில் கயிறு இழுத்து உள்ளங்கை கிழிந்த ஒருவருக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல வாய் வராது. மடி கரைக்கு வரும்போது சூடை, நெத்தலி, பாரைக் குட்டி எல்லாம் துள்ளும். கனடாப் பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைக்கிற ஒரே நேரம் அதுதான். அந்த இடத்திலேயே இரண்டு கிலோ வாங்கி, மதியம் பொரித்துச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம். பொழுது ஏறிப்போனால் குளிரூட்டி வாகனம் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பிறகு அந்த மீனை நீங்கள் கொழும்பில்தான் தேட வேண்டும்.

அடுத்தது பெட்டி. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கிற அறை அதுதான்.

"பிள்ளை, இந்தப் புழுக்கொடியலையும் ஒரு மூலைக்குள்ள வையணை."

"அம்மம்மா, முப்பது கிலோவுக்கு மேல விடமாட்டாங்கள்."

"அப்ப உன்ர சப்பாத்தைக் கழட்டி வெளியில வை. அதென்ன, அங்க கடையில இல்லாத சப்பாத்தே?"

அம்மம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் போகிறவற்றைப் பாருங்கள்: வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மோர்மிளகாய், பனாட்டு, ஒடியல்மா, நல்லெண்ணெய், பழஞ்சேலைத் துண்டில் சுற்றிப் பொலித்தீனில் கட்டி, அதன் மேல் இன்னொரு பொலித்தீன் போட்ட கருவாடு. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பாரைக் கருவாடு தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும். பிறகு தேன். வன்னிக் காட்டுத் தேன் பெரும்பாலும் பழைய சாராயப் போத்தலில்தான் வருகிறது. விமான நிலையத்தில் அதை விளங்கப்படுத்துவது உங்கள் சாமர்த்தியம். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சாப்பாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால், கூடினால் பொருள் போகும். மறைத்தால் தண்டப்பணமும் சேர்ந்து போகும். பிரித்தானியாவுக்கு இறைச்சியும் பால்பொருளும் போகாது, கருவாடு போகும். இது வாசலில் நிற்கிற அம்மம்மாக்களுக்கு நல்ல செய்தி.

ஆனால் அம்மம்மாக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசிப் பகல் முழுவதையும் அடுப்படியிலும் பெட்டியடியிலும் செலவழித்துவிட்டு, பிள்ளை போன பிறகு "ஒரு சொல்லு ஆறுதலாக் கதைக்கேல்லை" என்று அழுகிறீர்கள். முதல்நாளே இடித்து வையுங்கள். கடைசி நாள் பின்னேரம் அந்தப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, நீங்கள் எந்தெந்த ஊரில் இடம்பெயர்ந்து இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். அதற்கு நிறைக்கட்டுப்பாடு இல்லை.

இனி வழி. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

முல்லைத்தீவிலிருந்து வெளியே போக இரண்டு பெருவழி உண்டு. ஒன்று வட்டுவாகல், புதுக்குடியிருப்பு ஊடாகப் பரந்தனுக்குப் போகும். மற்றது முள்ளியவளை, ஒட்டுசுட்டான் ஊடாக மாங்குளத்துக்குப் போகும். யாழ்ப்பாணத்துக்கோ பலாலிக்கோ போகிறவர்கள் முதலாவதைப் பிடிப்பார்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. சென்னையில் மாறிப் போகக்கூடியவர்கள் காலையில் சோறு சாப்பிட்டுவிட்டுப் பகலில் ஆறுதலாகப் புறப்படலாம்.

அந்த வழியில் முதல் வருவது வட்டுவாகல். நந்திக்கடல் பெருங்கடலோடு வாய் வைக்கிற இடம். மாரியில் களப்பு நிறைந்தால் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அந்தக் களப்பின் இறாலுக்குத் தனிப் பெயர் உண்டு. ஒரு வாகனம் ஏறினால் எதிர்ப்பக்கம் காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பழைய பாலம்தான் ஊரின் வாசலாக இருந்தது. புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. 2009 மே நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலில் இருந்த சனம் அந்தப் பழைய பாலத்தால்தான் வெளியேறியது. காயக்காரரைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோ அதுவும் இல்லாமலோ நடந்தார்கள். அங்கிருந்து ஓமந்தை, ஓமந்தையிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் இருந்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்து அந்த முகாம் மூடப்பட்டபோது 2012 செப்டெம்பர். உங்கள் வான் அந்தப் பாலத்தடியைச் சாமத்தில் ஒரு நிமிடத்தில் கடந்துபோனால், பின்னால் தூங்குகிற பிள்ளைக்குத் தன் தாய் அல்லது பெரியப்பா நடந்த வழி அது என்று எப்படித் தெரியும்? பகலில் போனால் நிறுத்தலாம். இறங்கி நிற்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மாங்குளத்து வழி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். காடும் குளமும் வயலும் மாறி மாறி வரும். முள்ளியவளையில் காட்டா விநாயகர் கோவில். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கரையில் கடல்நீர் அள்ளி வந்து, இந்தக் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் ஒருமுறை வைகாசியில் வந்து பாருங்கள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர். அதைத் தாண்டினால் கற்சிலைமடு. 1803 ஒகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் நிலையைத் தாக்கிப் பிடித்தான். பீரங்கிகளையும் கைப்பற்றினான். அந்த ஆண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் டிறிபேர்க்கின் படை அவனை இந்தக் கற்சிலைமடுவில் தோற்கடித்தது. தோற்கடித்தவர்கள் நட்ட நினைவுக்கல்தான் அவன் நின்ற இடத்தை எங்களுக்கு அடையாளம் காட்டியது. ஒகஸ்ட் 25 என்பது உங்களில் பலர் பெட்டி கட்டுகிற நாள்தான். போகிற வழியில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போனால், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கம் அவர்களுக்குக் கிடைக்கும்.

மாங்குளத்தில் ஏ-9 வீதியில் ஏறிவிட்டால் எல்லோருக்கும் ஓர் ஆறுதல் வந்துவிடுகிறது. தெற்கே வவுனியா, வடக்கே கிளிநொச்சி. வடக்கே போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று தேங்காய் உடைக்காமல் போவதில்லை. கச்சான் வாங்காமல் போவதும் இல்லை. பிள்ளையாருக்கும் கச்சானுக்கும் அங்கே உள்ள உறவைப் பிரிக்க யாராலும் முடியாது. மாங்குளத்தில் ரெயிலும் ஏறலாம். 1990 இல் நின்றுபோன வடபகுதி ரெயில் அது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய், பாதை இருந்த இடத்தில் காடு எழும்பியிருந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடியது. அன்றைக்கு ரெயிலைப் பார்க்க வந்தவர்களில் இருபது வயது கடந்தும் ரெயிலையே கண்டிராதவர்கள் இருந்தார்கள்.

இந்த வீதியில் சும்மா போய்வருவது என்பது எவ்வளவு புதிய விஷயம் என்பதை இளையவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வன்னியை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஆள்பிணை வேண்டும். திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் மறுமொழி சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் போனால் இராணுவச் சோதனைச்சாவடி. பையில் இருந்த உடுப்பு முழுவதையும் மேசையில் கொட்டி, சவர்க்காரத்தை வெட்டிப் பார்த்து, மறுபடி அடுக்கிக்கொண்டு வர வேண்டும். 2002 இல் பாதை திறந்தது. 2006 ஒகஸ்டில் மறுபடி பூட்டியது. ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015 வரை இருந்தது. கல்யாணத்துக்குப் போக முடியாமல் நின்றவர்கள், தாயின் செத்தவீட்டுக்குப் போய்ச் சேராதவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இப்போது அதே ஓமந்தையை வான் எண்பதில் தாண்டிப் போகிறது. உள்ளே இருப்பவர்கள் கழுத்துத் தலையணையில் சாய்ந்து தூங்குகிறார்கள். தூங்கக் கிடைத்ததே பெரிய காரியம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. ஒரு தடவையாவது விழித்திருந்து பார்க்கட்டும் என்று மறுபக்கம் தோன்றுகிறது.

சாமப் பயணத்துக்கு எதிராக நடைமுறைக் காரணமும் உண்டு. கட்டுநாயக்கா முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஏழெட்டு மணித்தியாலம் ஓட வேண்டும். சாரதி அன்று பகல் முழுவதும் வேறு வாடகைக்கு ஓடியவராக இருப்பார். பருவ காலத்தில் அவருக்கும் நாலு காசு பார்க்க வேறு வழியில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இரவில் யானை வீதிக்கு ஏறும். விடியப்புறம் நாலு மணிக்குக் கண் செருகுகிற சாரதியும், வளைவில் நிற்கிற யானையும் சந்திக்கக்கூடாது. ஒரு நாள் முன்னதாகப் பகலில் புறப்பட்டு, வவுனியாவிலோ அநுராதபுரத்திலோ நீர்கொழும்பிலோ ஓர் இரவு தங்கிப் போங்கள். அந்த ஓர் அறைச் செலவு, விமானப் பயணச்சீட்டுக்கு நீங்கள் கொடுத்த காசோடு பார்த்தால் ஒன்றுமில்லை. சாரதிக்கும் அந்த இரவுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுங்கள். பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் வானுக்குள்ளேயே படுத்துக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறார்கள்.

போன பிறகு இங்கே என்ன நடக்கிறது? செப்டெம்பரில் விடுதிக்காரர் போர்வைகளைத் தோய்த்துக் காயப்போடுவார். கடலோரச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்ற பெடியன் மறுபடி வயலுக்கோ மேசன் வேலைக்கோ போய்விடுவான். ஒக்டோபரில் மழை வரும். அடுத்த பங்குனி சித்திரை வரைக்கும் இந்தக் குடில்களுக்கு வருமானம் அநேகமாக இல்லை. ஆண்டில் நாலு மாதத் தொழிலை நம்பிக் கடன் எடுத்தவர்களின் கணக்கு அது. பாசிக்குடாவில் போருக்குப் பிறகு பெரிய ஹொட்டேல்கள் வரிசையாக எழும்பின. அப்படி ஒன்று முல்லைத்தீவுக்கும் வரவேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். எனக்கு அவசரமில்லை. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர் அலைக்கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே எதைக் கட்டுவதென்றாலும் அனுமதி வேண்டும். அந்த அனுமதி பணமுள்ளவருக்கு முதலிலும், வலை காயப்போட இடம் கேட்கிறவருக்குக் கடைசியிலும் கிடைக்கக்கூடாது. கரைவலைப் பாடும், படகு ஏற்றுகிற இடமும் போனபின் வருகிற ஹொட்டேலில் எங்கள் பிள்ளைகள் தட்டு ஏந்துவது எனக்கு வளர்ச்சியாகத் தெரியவில்லை. ஊர்க்காரர் நடத்துகிற இரண்டு அறை விடுதியில் நீங்கள் கூடுதலாகத் தங்கும் ஒரு நாள், அந்த வீட்டுக்கு ஒரு மாதத்து மின்கட்டணம்.

ஆகவே அடுத்த ஆண்டு பயணச்சீட்டு எடுக்க இருப்பவர்களிடம் கேட்கிறேன். கடைசி நாளை இப்போதே குறித்து வையுங்கள். காலையில் கரைவலை, மத்தியானம் வீட்டுச் சோறு, பின்னேரம் பெரியவர்களோடு கதை. மறுநாள் விடிந்த பிறகு, வெளிச்சத்தில், நின்று நின்று போங்கள். பொலித்தீனையும் போத்தலையும் கடற்கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கருவாட்டை மட்டும் கொண்டுபோகாமல், காலியான தண்ணீர்ப் போத்தல்களையும் வானில் ஏற்றி வவுனியாவில் போட்டாலும் பரவாயில்லை.

இந்த முறை போனவர்கள் உங்கள் கடைசி நாளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எந்த வழியால் போனீர்கள், எங்கே நின்றீர்கள், பெட்டியில் எதை எடுத்து எதை விட்டீர்கள், வழியில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள். படலையடியில் நின்றவர்களும் எழுதலாம். அவர்கள் பக்கத்துக் கதை இதுவரை எந்த இதழிலும் அதிகம் வந்ததில்லை. கையெழுத்தில் ஒரு பக்கம் போதும், எழுத்துப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வருகிறவற்றில் நல்லவற்றை மார்கழி இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்